கிளினிக்கை மலைக்குக் கொண்டுவந்த சங்கம்: ஒரு தோட்ட சுகாதார உரிமைச் சங்கத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் தோட்டத்துக்குப் பெயர் இல்லை. இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே தோட்டத்தில் வைத்துக் கட்டிய மாதிரி நிகழ்வு இது. தோட்டத்துக்குரிய எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக வைத்தவை. சட்டம், ஆண்டு, அலுவலக நடைமுறை ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன. இப்படியொரு சங்கத்தைத் தொடங்க நினைப்பவர்களும், தொடங்கிவிட்டு இடையில் முட்டிக்கொண்டு நிற்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்று எண்ணி எழுதியது.

நிலைமை

மூன்று டிவிசன் (தோட்டத்தின் பிரிவுகள்), ஏறத்தாழ 480 குடும்பங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் இருந்த வைத்திய உதவியாளர் ஓய்வுபெற்ற பிறகு நிரந்தரமாக யாரும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து காய்ச்சல், தடிமன், வெட்டுக்காயம் பார்த்துவிட்டுப் போவார். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாத மருந்து எடுப்பவர்கள் 140 பேர். அவர்கள் 22 கிலோமீற்றர் தள்ளியுள்ள ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகவேண்டும். விடியற்காலை பஸ், வரிசை நம்பர், டொக்டர், மருந்துக் கவுண்டர் என்று எல்லாம் முடித்துத் திரும்ப மாலை மூன்று மணியாகும்.

மருந்து இலவசம்தான். ஆனால் "கிளினிக் போனா ஒரு பேரு போயிரும்" என்பது லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோரும் சொல்லும் பேச்சு. பேர் என்றால் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேட்டில், விழும் ஒரு நாள் வேலை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக ஆனது. அந்தக் கணக்கில் அப்போது ஒரு கிளினிக் நாளுக்கு 1,350 ரூபாவும் பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் போனது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறார்கள். முப்பது நாள் மருந்தை அறுபது நாளுக்கு இழுக்க, குளிசையைப் பாதியாக உடைக்கிறார்கள். கணவனும் மனைவியும் ஒரே பக்கெட்டைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. பிறகு ஒரு நாள் மலையில் ஒருவர் விழுந்து வாய் கோணிப்போனால், திடீரென்று வந்துவிட்டது என்கிறார்கள். அது திடீரென்று வந்ததல்ல.

மனு போன வழி

முதல் முயற்சி வழக்கமானது. 400 கையெழுத்துடன் ஒரு மனு: "எமது தோட்டத்துக்கு வைத்தியசாலை வேண்டும்." ஜனாதிபதிக்கு முகவரியிட்டு, அமைச்சர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள் என்று பன்னிரண்டு பேருக்குப் பிரதி. அப்படிப்பட்ட மனு ஒவ்வொரு மேசையிலும் "உரிய நடவடிக்கைக்கு" என்ற முத்திரை வாங்கி, படிப்படியாகக் கீழே இறங்கி, சில மாதங்களில் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரியின் மேசைக்கே வந்து சேரும். அவருக்கு வைத்தியசாலை கட்டும் அதிகாரம் கிடையாது. தன் பகுதி மக்கள் தன்னைத் தாண்டி மேலே எழுதினார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியவரும்.

மலையகத்தில் சுகாதாரக் கோரிக்கைகள் தோற்பதற்கு முதற்காரணம் அதிகாரிகளின் அலட்சியம் என்று பலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், எந்த மேசைக்கு எது சொந்தம் என்று தெரியாமல் கேட்பது.

அந்தக் குழப்பம் இங்கு வரலாற்றோடு ஒட்டியது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளியின் நோயைக் கவனிக்கும் கடமையைத் தோட்டத்தின் மேல் வைத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. இடையில் அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் பிரதேச வைத்தியசாலைகளையும் களச் சுகாதார சேவையையும் மாகாணங்களுக்குக் கொடுத்தது. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்றுக்கொண்டது. டிஸ்பென்சரிகள் பல கம்பனியிடமே நின்றுவிட்டன. ஆகவே ஒரே லயத்தில் இருக்கும் ஒரு கர்ப்பிணிக்கு, குடும்பநல உத்தியோகத்தர் மாகாணத்தின் ஆள், பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வேலைத்திட்டத்துக்குள், டிஸ்பென்சரிக் கட்டடம் கம்பனியின் பொறுப்பு. அவள் போகும் பெரிய வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழும் இருக்கலாம், மாகாணத்தின் கீழும் இருக்கலாம்.

மாகாண சபையிடம் கேட்கலாமே என்றால், மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவாவினது 2019இலும் முடிந்தன. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. மாகாணச் சுகாதார அமைச்சர் என்று முறையிட ஒருவர் இல்லாமற்போனால், ஆளுநரும் செயலாளர்களும் மாகாண, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுமே மிஞ்சுவர். அரசியல்வாதி வழியாகப் போகப் பழகிய நமது ஆட்களுக்கு இது பெரிய இழப்பாகத் தெரியும். உண்மையில் எழுத்தில் ஒழுங்காகக் கேட்கும் சங்கத்துக்கு அதிகாரிகளோடு நேரடியாகப் பேசுவது சில வேளைகளில் எளிதாகவே இருக்கிறது.

சங்கம் எதன்மேல் கட்டப்பட்டது

புதிதாக ஆள் சேர்க்க அலையவில்லை. ஒவ்வொரு டிவிசனிலும் மரண உதவிச் சங்கம் ஏற்கெனவே இருந்தது: பெயர்ப் பட்டியல், மாதச் சந்தா, கணக்குக் கொப்பி, சந்தா கேட்டு லயத்துக்கு லயம் போகும் ஓர் ஆள். மூன்று சங்கங்களின் பொறுப்பாளர்களும் கூடி, தனிக் கணக்கு, தனி யாப்புடன் (சங்க விதிகளுடன்) சுகாதாரச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 310 குடும்பங்கள் சேர்ந்தன. சந்தா மாதம் 50 ரூபா, மாதத்துக்கு 15,500.

சந்தாவைச் செக்ரோலில் வெட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. வசூல் சுலபம், பாக்கி விழாது. ஆனாலும் அதை ஏற்காதது சரி. செக்ரோலில் வெட்டினால் உறுப்பினர் பட்டியல் தோட்டக் கந்தோரின் (அலுவலகத்தின்) கையில் இருக்கும், நிர்வாகத்தோடு முரண்பாடு வரும் மாதத்தில் சந்தாவும் நின்றுபோகும். அதோடு தொழிற்சங்கச் சந்தாவுக்குப் போட்டியாகவும் அது பார்க்கப்படும். சம்பள நாளன்று கையில் வாங்கி, எண் போட்ட பற்றுச்சீட்டுக் கொடுத்தார்கள்.

தொழிற்சங்கங்களை எப்படி நடத்துவது என்பது இந்த மாதிரிச் சங்கங்கள் பல உடைந்துபோகும் இடம். "அரசியல் வேண்டாம்" என்று தோட்டத் தலைவர்மாரை ஒதுக்கினால், இது எந்தக் கட்சியின் வேலை என்ற பேச்சு மறுநாளே, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் தொடங்கிவிடும். தொழிற்சங்கத் தலைவர் ஒருவரையே சுகாதாரச் சங்கத் தலைவராக்கினால் மற்றத் தொழிற்சங்கத்து ஆட்கள் வரமாட்டார்கள். இங்கே எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் கூட்டத்தில் உட்கார இடம் உண்டு, கையெழுத்திடும் பதவி கிடையாது என்று யாப்பில் எழுதினார்கள். வாயால் பேசி முடித்த ஏற்பாடாக இருந்திருந்தால் முதல் தேர்தலோடு காற்றில் போயிருக்கும்.

பதிவு: பிரதேச செயலகத்தில், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ். யாப்பு, பொறுப்பாளர் பட்டியல், தொடக்கக் கூட்டக் குறிப்பு ஆகியவற்றோடு கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு போனால் இரண்டாம் தடவை அலையவேண்டியதில்லை. வங்கிக் கணக்குக்கு, கணக்குத் திறக்கவும் யார் கையெழுத்திடவும் தீர்மானித்த கூட்டக்குறிப்பின் பிரதி வேண்டும். மூவரில் இருவர் கையெழுத்து என்று வைப்பது நல்லது. இருவரில் இருவர் என்று வைத்தால் ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் காசு முடங்கும்.

கூட்டநேரம் சின்ன விஷயம் போலத் தெரியும். ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் வைத்தபோது வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மாத மருந்து எடுப்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். பின்னேரக் கொழுந்து நிறுத்து, பிள்ளையைக் கூட்டிப்போக வரும் நேரத்தில் பிள்ளைக்காம்பரா வாசலில் அரைமணித்தியாலம் என்று மாற்றிய பிறகுதான் அவர்களின் பேச்சு சங்கத்துக்குள் வந்தது. மருந்து உறையில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருப்பதால் காலைக் குளிசையும் இரவுக் குளிசையும் மாறிப்போவதை முதலில் சொன்னவர்கள் அவர்கள்.

எண்ணுதல்

ஒரு சீ.ஆர். கொப்பி, ஒவ்வொரு டிவிசனுக்கும் இரண்டு இளைஞர்கள். கேட்டவை ஐந்து: கிளினிக் கொப்பி இருக்கிறதா, எந்த வைத்தியசாலை, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை போனார், போகாத மாதத்தின் காரணம், இப்போதும் பேர் போடுகிறாரா அல்லது ஓய்வா. கிளினிக் கொப்பியில் திகதி முத்திரை இருப்பதால் போன தடவைகளை ஞாபகத்தில் கேட்கவேண்டியதில்லை, பார்த்து எழுதலாம். இந்த ஒரு வித்தியாசம்தான் பின்னர் அதிகாரியின் முன் கணக்கை நிற்கவைத்தது.

இங்கே ஒரு தவறு நடந்தது. முதல் சுற்று முடிந்ததும் பட்டியலைக் கூட்டத்தில் பெயர் பெயராக வாசித்தார்கள். யாருக்கு என்ன வருத்தம் என்பது லயத்துக்கே தெரிந்துபோக, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் உட்படப் பலர் விலகினார்கள். திரும்ப எடுத்தபோது பெயர்ப் பட்டியல் ஒரு கொப்பி, இலக்கமும் விவரமும் இன்னொரு கொப்பி. இரண்டும் வேறு வேறு ஆளிடம். வெளியே போகும் எந்தக் காகிதத்திலும் பெயர் இல்லை.

வந்த கணக்கு: 140 பேரில் 60 பேர் இன்னும் பேர் போடுபவர்கள். அவர்களில் 40 பேர் கொழுந்தெடுப்பவர்கள்.

இரண்டு மேசை, இரண்டு கடிதம்

"வைத்தியசாலை வேண்டும்" என்ற கோரிக்கை கைவிடப்பட்டது. புதிய கோரிக்கை: ஒன்பது கிலோமீற்றரிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் குழு மாதம் ஒருமுறை தோட்ட டிஸ்பென்சரிக்கு வந்து கிளினிக் நடத்தவேண்டும். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புதுப் பதவியும் வேண்டாம். கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கக்கூடியவர் துரை, அதாவது தோட்ட நிர்வாகி. குழுவை அனுப்பக்கூடியவர் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். அதற்குப் பிரதேச வைத்தியசாலைப் பொறுப்பு வைத்திய அதிகாரியின் இசைவு தேவை.

துரைக்குப் போன கடிதத்தில் நோயைப் பற்றி இரண்டே வரி. மீதி முழுவதும் கொழுந்து. எல்லோரும் மாதா மாதம் கிளினிக் போனால், அந்த நாளில் 40 பேர் மலைக்கு வரமாட்டார்கள். நாளுக்கு 18 கிலோ என்று பார்த்தால் மாதம் 720 கிலோ பச்சைக் கொழுந்து. நூற்றுக்கு 21.5 என்ற விகிதத்தில் அது 155 கிலோ தேயிலை. டிஸ்பென்சரியில் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பெரும்பாலானோர் பத்து மணிக்குள் மலைக்குப் போய்விடலாம். அன்று தாமதமாக வந்தாலும் முழுப் பேர் போடவேண்டும். அனுதாபத்தைக் கேட்பதைவிட இது மரியாதையான பேச்சு. கந்தோரிலும் இந்தக் கணக்குத்தான் புரியும்.

பணிப்பாளருக்குப் போன கடிதம் ஒரே பக்கம். தமிழில் எழுதுவது உரிமை, தமிழில் பதில் பெறுவதும் உரிமை. நுவரெலியா, அம்பகமுவ போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகவும் பிரகடனப்படுத்தப்பட்டவை. ஆனாலும் சிங்கள மொழிபெயர்ப்பை இணைத்தே அனுப்பினார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக இதைச் சிலர் குறை சொல்வார்கள். கடிதம் மொழிபெயர்ப்பாளருக்காகக் கோப்பில் கிடக்கும் வாரங்களைக் கணக்கிட்டவர்கள் சொல்லமாட்டார்கள். பதிவுத் தபால், துண்டு கோப்பில்.

பதில் வராதபோது தகவல் அறியும் சட்டம் கைகொடுத்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி காரணம் சொல்லாமலே கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு, அங்கு மேன்முறையிட இரண்டு மாத அவகாசம். "ஏன் எங்களுக்கு டொக்டர் வரவில்லை?" என்று கேட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் அது ஒரு ஆவணமல்ல. கேட்டவை: பிரதேச வைத்தியசாலையின் அனுமதிக்கப்பட்ட ஆளணியும் நிரப்பப்பட்ட ஆளணியும், கடந்த ஆண்டு மருந்து மதிப்பீடு, அந்த வைத்தியசாலை ஏற்கெனவே நடத்தும் நடமாடும் கிளினிக்குகளின் அட்டவணை. மூன்றாவதுதான் பலன் தந்தது. இரண்டு இடங்களுக்கு ஏற்கெனவே குழு போய்க்கொண்டிருந்தது. புதிய சேவை கேட்பதாக இருந்த கோரிக்கை, இருக்கும் அட்டவணையில் ஒரு வரி சேர்க்கும் கோரிக்கையாகச் சுருங்கியது.

கிளினிக் நடந்த விதம், கெட்ட விதம்

அறைக்கு வேண்டியவை அதிகமில்லை: உள்ளே வர ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல், ஓடும் தண்ணீர், மலசலகூடம், மறைப்புத் திரை, பிரஷர் பார்க்க ஐந்து நிமிடமாவது உட்கார்ந்திருக்க வாங்கு. ஏற்றம் ஏறி வந்தவுடனே பிரஷர் எடுத்தால் எல்லோருக்கும் கூடத்தான் காட்டும். ஊசி போடுவதற்கான கூரிய கழிவுப் பெட்டியை வைத்தியசாலைக் குழுவே கொண்டுவந்து கொண்டுபோகும். தோட்டக் குழியில் எரிக்கக்கூடாது.

பெரிய இடர் மருந்தில் வந்தது. பிரதேச வைத்தியசாலைக்கு மருந்து, முன்கூட்டிக் கொடுத்த ஆண்டு மதிப்பீட்டின்படி வருகிறது. ஆதார வைத்தியசாலையிலிருந்து 140 நோயாளிகள் இங்கே மாறினார்கள். அவர்களுக்கான மருந்து அங்கேயே நின்றது. மூன்றாம் மாதம் சீனிக்கான மெற்போர்மினும் பிரஷருக்கான லொசார்டனும் முடிந்து, "வெளியே வாங்குங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பாதிப்பேர் அடுத்த மாதமே பழைய கிளினிக்குக்குத் திரும்பினார்கள். நோயாளி மாறுவதற்கு முன்பே, மருந்து வாரியாக எத்தனை பேருக்கு மாதம் எத்தனை குளிசை என்ற பட்டியலைப் பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் கொடுத்து மேலதிக மதிப்பீடு அனுப்பச் செய்திருக்கவேண்டும். நோயாளியின் மாற்றுக் கடிதத்தில் கடைசி இரத்தப் பரிசோதனை முடிவும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் பரிசோதனை முதலிலிருந்து தொடங்கும்.

அந்த மாதங்களில் சங்கக் காசில் மருந்து வாங்கிக் கொடுக்கலாம் என்று பலர் நின்றார்கள். சங்கத்தின் பொறுப்பாளர்கள் மறுத்தார்கள். கல்நெஞ்சாகத் தெரியும், ஆனால் சங்கம் வாங்கத் தொடங்கிய மருந்து அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் வராது. மாதம் 15,500 ரூபாவில் 140 பேருக்கு மருந்து கொடுக்கவும் முடியாது. காசு போனது கதவு திருத்த, தண்ணீர்க் குழாய் போட, தபாலுக்கு, வைத்தியசாலை வாகனம் பழுதான நாளில் குழுவைக் கூட்டிவர வான் பிடிக்க.

இரத்தம் எடுப்பதிலும் ஒரு பாடம். வெறும் வயிற்றில் காலை ஆறரைக்கு எடுத்த மாதிரிகள் பகல் பன்னிரண்டுக்குத்தான் ஆய்வுகூடத்தை அடைந்தன. சாதாரணக் குழாயில் நிற்கும் இரத்தத்தில் சீனியின் அளவு மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை குறைந்துகொண்டே போகும். சீனி கூடியவர்களுக்கெல்லாம் நல்ல முடிவு வந்தது. மருந்தைக் குறைக்கலாம் என்ற பேச்சும் வந்தது. புளோரைட் இட்ட குழாய்க்கு மாறி, மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் முதல் வாகனத்திலேயே அனுப்பிய பிறகு உண்மை எண் வந்தது.

நாள் தெரிவிலும் பருவம் குறுக்கே வரும். மேற்குச் சரிவில் ஏப்பிரல், மே கொழுந்து கொட்டும் காலம். மேலதிகக் கிலோவுக்குக் காசு வரும் நாளில் கிளினிக்குக்கு ஆள் வராது. அந்த மாதங்களில் மட்டும் இரண்டு மாத மருந்து தரும்படி கேட்டார்கள். பிரஷர் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு டொக்டர் சம்மதித்தார், இன்சுலின் எடுப்பவர்களுக்கு மறுத்தார். அது நியாயம்தான்.

கிளினிக் நடக்கத் தொடங்கியதும் சேர்ந்தவை

குழு வரும் நாளிலேயே 35, 45 வயதுப் பெண்களுக்கான கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குச் சுகவனிதையர் கிளினிக்கையும் வைக்கலாம் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொன்னார். கர்ப்பிணிகளுக்கும் வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குமான திரிபோஷ எனும் சத்துமா விநியோகமும் அந்த நாளோடு சேர்ந்தது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்தில் 32 பேர். ஆகவே இது கொசுறு வேலையல்ல. பிள்ளைகளின் நிறைப்பதிவு கிளினிக்கைவிடத் தன் பாட்டில் பெரிய விஷயம். அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வழி தெரியாமல் சுற்றுவதற்கு, ஒரே தோட்டப் பெயரில் மூன்று டிவிசன் இருப்பதுதான் காரணம். ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் டிவிசன் பெயரும் லய இலக்கமும் பெரிதாக எழுதினார்கள். அழைப்பவர் முதலில் சொல்லவேண்டியது சந்தி, பிறகு டிவிசன், பிறகு லய இலக்கம். வண்டி ஏறமுடியாத மேல் டிவிசனுக்குத் தொழிற்சாலை வாசல் சந்திக்கும் இடம் என்று முடிவாகி, அதுவரை தூக்கிவர ஸ்ட்ரெச்சர் ஒன்று டிஸ்பென்சரியில் வைக்கப்பட்டது. தோட்டப் பாதையைத் திருத்த முடியாது என்று பிரதேச சபை முன்பு சொல்லிவந்தது. பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளும் சபை வேலை செய்யலாம். அந்தத் திருத்தத்தைக் குறிப்பிட்டு எழுதினால் பழைய பதிலைத் திரும்பச் சொல்லமுடியாது. காசில்லை என்ற பதில் வரும், அது வேறு.

இன்னும் முடியாதவை

கட்டடத்துக்குத் துரை தந்தது வாய்ச் சம்மதம். துரை மாறினால் சாவியும் மாறும். கம்பனியும் பிராந்தியப் பணிப்பாளரும் எழுத்தில் உடன்படிக்கை செய்யவேண்டும் என்று கேட்டு, வரைவு கம்பனித் தலைமைக் கந்தோரில் இருக்கிறது. தாமதமாக வந்தாலும் முழுப் பேர் என்ற ஏற்பாடும் எழுத்தில் இல்லை. ஒரு டிவிசனில், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அரைப் பேர் போட்டதாக இரண்டு முறைப்பாடுகள் உள்ளன. மருந்து உறையில் தமிழ் எழுத, நேரத்தைச் சூரியன், நிலாப் படத்தால் காட்டும் ரப்பர் முத்திரை ஒன்றைச் சங்கம் செய்து கொடுத்தது. மருந்துக் கவுண்டரில் கூட்டம் கூடினால் அது மேசைக்குள் போய்விடுகிறது. மேல் டிவிசனிலுள்ள வயதானவர்களால் டிஸ்பென்சரிக்கும் இறங்கிவர முடியவில்லை. அங்குள்ள பிள்ளைக்காம்பராவில் ஓர் அறை கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அங்கு தண்ணீர்க் குழாய் இல்லாததால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்து அறிக்கை தந்த பிறகே முடிவு என்று பதில் வந்துள்ளது.